போயிட்டு வரேன் என்று சொல்லாதவர்கள்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. இன்னொரு தடவை அந்த மாதிரிக் காரியத்துக்கு அந்த வீட்டுப் படி ஏறவேண்டாம் என்று அர்த்தம். பேசிக்கொண்டிருக்கிறவர் சட்டென்று எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கள்ளக்குறிச்சியில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில், என் வீட்டுக் கட்டிலில் உயிரோடு உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்றுகொண்டிருந்தபோது, அந்த மரியாதை எனக்கே நடந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய வாரம் அது. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆளுக்கொரு பை ஆப்பிள். வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள். கால் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்ததும் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். முதலில் வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்து வந்தவர்களும் அப்படியே போனபோது, இந்தக் காலத்தில் யாருக்கு மரியாதை தெரிகிறது என்று அலுத்துக்கொண்டேன். மூன்றாவதாக வந்தது என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் யாருக்கு எந்தெந்த நோய் வந்து எப்படியெப்படிப் போனார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"சரிம்மா, போயிட்டு..." என்றாள். அந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நேரமாயிடுச்சு" என்று முனகியபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு இதைச் செய்யவில்லை. செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவரவர் நாக்கு அவரவரைக் கேட்காமலே என்னைச் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மீதி பிஸ்கட்டையும் தின்று தீர்த்தேன்.

நோய் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். நான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்னக் கிராமத்தில் பள்ளிக்கூட டீச்சர். பதினொரு வருடமாகத் தினமும் காலையில் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, சாயங்காலம் அதே பஸ்ஸில் இறங்குகிறவள். ஒருநாள் நோட்டுத் திருத்தும்போது சிவப்பு மை வெளுத்துத் தெரிந்தது. பேனா சரியில்லை என்று வேறொன்று எடுத்தேன். அதுவும் வெளுப்பு. மூன்றாவது பேனாவையும் திட்டித் தூக்கிப் போட்ட பிறகு, ஏதோ யோசனையில் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். பேனாவில் குற்றம் இல்லை. இடது கண்ணில் சிவப்பு, துவைத்துத் துவைத்துச் சாயம் போன புடவை மாதிரி இருந்தது. அதற்கு முன்பே ஒருமுறை பஸ் படியில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் எடுத்துக் கொடுத்து, "இன்னா டீச்சர், ஒத்த செருப்போட கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். கால் அப்போதே மரத்துப்போயிருந்தது.

என் கணவர் சர்க்கரை என்றார். அவருக்கு எல்லாம் சர்க்கரைதான். ஊருக்கு வெளியே கரும்பும் மரவள்ளியும் போடுகிற மனிதர், பயிருக்கு என்ன வந்தாலும் பூச்சி என்பார், மனிதருக்கு என்ன வந்தாலும் சர்க்கரை என்பார். புதுச்சேரியில் தலையைக் குழாய்க்குள் விட்டு ஸ்கேன் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர், என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார். நம் உடம்பின் காவல்காரனே நம் நரம்பின் மேல்தோலைக் கடிக்கிறான் என்று விளக்கினார். முழுசாகக் குணமாகாது, ஆனால் கட்டுப்படுத்தி வைக்க மருந்து இருக்கிறது, நிறைய பேர் வேலைக்குப் போகிறார்கள், நடக்கிறார்கள் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "சூடு மட்டும் ஆகாது. ஒடம்பு சூடானா பழைய தொந்தரவெல்லாம் தலைகாட்டும். ஆறினா போயிடும், பயப்படாதீங்க."

அவர் சொன்னதில் என் குடும்பத்தின் காதில் விழுந்தது 'குணமாகாது' என்ற ஒரு சொல். அந்தச் சூடு விஷயம் யார் காதிலும் ஏறவில்லை.

ஊரில் என் நோய்க்குப் பெயர் மாறிப்போனது. நரம்பு என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், எங்கள் ஆட்கள் மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், கல்வி ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு லேகிய பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். உளுந்தூர்பேட்டையில் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் வாங்கியதாம். லேபிளில் நரம்புத் தளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு ஆள் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். அது யாருக்கு, எதற்கு விற்கிற லேகியம் என்று தமிழ்நாட்டில் சுவரொட்டி படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடம் ஃபைல் பார்த்த மனிதருக்குத் தெரியவில்லை. "காலையில வெறும் வயித்துல சாப்புடும்மா" என்றார் ரொம்ப அக்கறையாக. நான் அந்தப் பாட்டிலை ஜன்னலில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன்.

இன்னொரு கூட்டம் போனில் வந்தது. தினமும் காலையில் சூரிய உதயம், அதன்மேல் நாலு வரி. நம்பிக்கையோடு இருங்கள், மனசுதான் மருந்து, சிரித்தால் நோய் ஓடிவிடும். அனுப்புகிறவர்களில் ஒருவருக்குக்கூட என் நோயின் பெயர் தெரியாது. ஒரு ஆள் அதே படத்தை என் பிறந்தநாளுக்கும் அனுப்பியிருந்தார். எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. நடு ராத்திரியில் முழித்துக்கொண்டு கால் விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறவள் நம்பிக்கை இல்லாமலா அசைத்துப் பார்ப்பாள்? ஆனால் அதை ஒரு பூப்படத்தின் மேல் எழுதி என்னிடமே தானம் செய்ய வந்தால் எரிச்சல் வருகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமல் என் வேலையில் கை வைத்தார்கள்.

வெளி ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டீச்சர்கள் உலகத்தில் மலை என்றால் தண்டனை. போஸ்டிங் மலைக்குப் போட்டார்கள் என்றால் வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். கீழே இறங்க யாரைப் பிடிக்கலாம், என்ன சர்டிபிகேட் வாங்கலாம் என்பதுதான் பாதிப் பேருக்கு வேலை. நானும் மகா யோக்கியம் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆர்டரைக் கையில் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க அழுதவள்தான். அந்த மக்கள் சாமையும் தினையும் தின்கிற நாட்டுப்புறம், அவர்களுக்கு எதற்கு என் படிப்பு என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். அப்போதைய என்னை இப்போது நினைத்தாலும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நோயாளிகளுக்கு இடமாறுதலில் முன்னுரிமை உண்டு. என் மூத்தாருக்கு அது போதும். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் காலியாகப் போகிறது என்று விசாரித்து, என் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தானே எடுத்துப்போய் ஜெராக்ஸ் போட்டு, விண்ணப்பத்தை இன்டர்நெட் சென்டரில் அடித்துக்கொண்டு வந்து நீட்டினார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அவனவன் கீழ வர தவம் கெடக்கறான். ஒனக்கு சாமியா பாத்து ஒரு நோவு குடுத்திருக்குது, வுட்றாத" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. மனமாரச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அது மார்ச் மாதம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பதினோரு மணிக்கு வாசலில் துணி காயப்போட்டு வந்தால், இடது கண்ணில் வீடு மங்கும். கால் கட்டை மாதிரி ஆகிவிடும். மின்விசிறிக்கு அடியில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் கிடந்தால் மெல்லத் திரும்பி வரும். மார்ச்சுக்கே இப்படி என்றால், சிமெண்ட் ஷீட் போட்ட சமவெளிப் பள்ளியில் வருடம் முழுக்க நான் என்ன ஆவேன்? மலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். என் உடம்புக்கு அந்த மலைதான் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் முன்பு நர்ஸ் தங்கியிருந்த ஒரு அறை சும்மா கிடந்தது. திங்கள் ஏறி, வெள்ளி இறங்கினால் தினம் பஸ்ஸில் வேகவேண்டியதில்லை. நான் கீழே வந்தால் படுத்துவிடுவேன், மேலே இருந்தால் நடப்பேன். கணக்கு டீச்சர் இல்லை நான், ஆனாலும் இது சின்னக் கணக்கு.

இதைச் சொன்னேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூளையிலதான நோவு வந்திருக்குது, அப்புறம் எப்புடிப் பேசுவா?" என்று ஓரகத்தி சமையல்கட்டில் கிசுகிசுத்தது ஹால் வரைக்கும் கேட்டது. மலையில் இருக்க ஆசைப்படுகிற டீச்சர் இருப்பாள் என்பது அவர்கள் அறிவுக்கு எட்டாத விஷயம். ஆகவே எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது. என் மூளையில் எங்கெங்கே வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். இவர்கள் மூளையில் இருப்பது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

அண்ணன் பேசும்போது என் கணவர் தரையைப் பார்ப்பார், கல்யாணம் ஆன நாளாக அப்படித்தான்.

"பள்ளிக்கூடத்துல ரெஜிஸ்டர் எல்லாம் ஒப்படைக்கணும். ஒருதடவ கூட்டிக்கினு போயிட்டு வாடா" என்று மூத்தார் அவரிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை போனோம். மூன்று மாதத்துக்குப் பிறகு மலை ஏறுகிறேன். கையில் புதுச்சேரியில் வாங்கிய கைத்தடி. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் ஜன்னலில் காற்று மாறியது. பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத்தின் நாலு படியையும் ஏறி முடித்த பிறகுதான் கவனித்தேன், கீழே குனிந்து காலைப் பார்க்காமலே ஏறியிருந்தேன். கணவரும் கவனித்தார்.

வகுப்பில் என் நாற்காலி இல்லை. தேடிப்போனால் சமையலறையில் இருந்தது, அதன்மேல் ஒரு மூட்டை சத்துணவு அரிசி உட்கார்ந்திருந்தது.

சமையல்கார அம்மா அந்த ஊர்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பதினொரு வருடத்தில் என்னிடம் அவள் சிரித்துப் பேசியது குறைவு. அடுப்பை விட்டு எழுந்திருக்காமல் என்னை, கைத்தடியை, மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மூட்ட தரையில கெடந்தா ஈரம் ஏறிடுது. அதான் தூக்கி வச்சிட்டன். உங்களுக்கு எதுக்கு நாற்காலி, நீங்கதான் கீழ போறீங்களாமே?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? வர்ற டீச்சருங்க எல்லாம் போறவங்கதான. முன்ன இருந்தவங்களுக்கு கொழந்த. அதுக்கு முன்ன இருந்தவங்களுக்கு மாமியாரு. உங்களுக்கு நரம்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூன்று மாதமாக என் நோயைச் சிலர் பாவம் என்றார்கள், சிலர் சாபம் என்றார்கள், ஒருவர் சாமி கொடுத்தது என்றார். இவள் ஒருத்திதான் அதை ஒரு டீச்சர் சொல்கிற சாக்கு என்று சரியான அலமாரியில் வைத்தாள், மாமியாருக்குப் பக்கத்தில். எங்கள் ஜாதியையே, டீச்சர் ஜாதியைச் சொல்கிறேன், அவள் எவ்வளவு கேவலமாக மதித்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் மதிப்பீடு சரி.

"நாற்காலிய குடுங்க" என்றேன்.

"எதுக்கு? ரெஜிஸ்டர நின்னுக்கினே எழுதலாம்."

"பாடம் எடுக்க."

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "வெளங்கற மாரி சொல்லுங்க டீச்சர். திங்கக்கெழம வருவீங்களா? வருவன்னா மூட்டைய எறக்கறன். வரமாட்டன்னா வேணாம். சும்மா எறக்கி ஏத்தறதுக்கு எனக்கும் இடுப்பு வலிதான்."

இந்த நோயில் திங்கட்கிழமை என்பது பெரிய வார்த்தை. சனிக்கிழமை காலை கை வராமல் போகலாம், ஞாயிற்றுக்கிழமை கண் போகலாம். டாக்டரே நாளைக்கு என்ன என்று சொல்லமாட்டார். ஆயிரம் பேர் நம்பிக்கையோடு இரு என்று சொன்னார்கள், ஒருத்தர்கூட ஒரு கிழமையைச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டு வராமல் போனால் அவள் முகத்தில் மறுபடி முழிக்க முடியாது.

"வருவேன்" என்றேன்.

"வருவீங்க?"

"திங்கக்கிழமை. பக்கத்து ரூம்லதான் தங்கப்போறேன்."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியாது. என் கணவரைப் பார்த்து, "நீங்க ஒரு பக்கம் புடிங்க" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து மூட்டையை இறக்கிச் செங்கல்மேல் வைத்தார்கள். நாற்காலியில் அரிசி மாவு அப்பியிருந்தது. அவள் துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் கேட்டார், "அந்த ரூமுல ஃபேன் இருக்குதா?" தேவையில்லை, அங்கே குளிரும் என்றேன். சரி என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே மூத்தாரும் ஓரகத்தியும் வந்துவிட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, என் கணவர்தான் சொல்லியிருப்பார், அவரால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. மூத்தார் விண்ணப்பத்தை டீப்பாய்மேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"இன்னைக்கு குடுத்தாதான் லிஸ்ட்ல ஏறும். ஒரு கையெழுத்து. அப்புறம் நீ எங்க வேணா போ" என்றார். "மேல வுழுந்துகெடந்தா யாரு தூக்குவா? நாங்க வரணும். எங்களுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சியா?"

அதுதான் விஷயம். இவ்வளவு அக்கறைக்கும் அடியில் அதுதான் இருந்தது, பஸ் பிடித்து மலை ஏறி வரவேண்டிய கஷ்டம். எனக்கு அன்று இடது கால் அவ்வளவு நன்றாக இல்லை. எழுந்ததிலிருந்தே கணுக்காலுக்குக் கீழே மதமதவென்று இருந்தது. அது யாருக்கும் தெரியக்கூடாது என்று சுவரோரமாகவே நடந்து ஜன்னலுக்குப் போய், லேகிய பாட்டிலை எடுத்து வந்து, விண்ணப்பம் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்தேன். குதிரைமேல் இருந்த மீசைக்காரனை மூத்தார் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் ஒரு மாதிரி ஆனது.

கணவர் என் பையைத் தூக்கிக்கொண்டார். அண்ணனைப் பார்க்காமல், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வுட்டுட்டு வரன்" என்று தரையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

நான் வாசல்படியில் நின்று திரும்பினேன். செருப்பு இரண்டும் காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"போயிட்டு வரேன்" என்றேன்.

மூத்தார் பாட்டிலைப் பார்த்தார். ஓரகத்தி சேலை நுனியைத் திருகினாள். எனக்கு அவசரம் இல்லை, ஏழரை மணிக்குத்தான் பஸ். வாசலில் நிற்கிற பெண் அப்படிச் சொல்லி, வீட்டுக்குள் இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு அனுப்பினால் அது எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று என்னைவிட ஓரகத்திக்கு நன்றாகத் தெரியும். தடியை ஊன்றி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"அக்கா, போயிட்டு வரேன்."

அவள் கண்ணை என் காலிலிருந்து எடுத்தாள். எத்தனையோ வருடப் பழக்கம், அவளைக் கேட்காமலே அவள் நாக்கு புரண்டது.

"போயிட்டு வாம்மா" என்றாள்.